கால் மைல் ஓட்டத்தில் கால் போனது. பிறந்தது புது கார்! டிராக் ரேஸ் கார்களின் கதை

குருவிகுளம்:
சங்கரன்கோவில், குருவிகுளம், கழுகுமலை பக்கம் மாட்டு வண்டி பந்தயம் என்றால் ரோட்டின் இரண்டு பக்கமும் கூட்டம் நெருக்கித் தள்ளும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனி பிரிவு உண்டு. இதே மாதிரி கார்களை நேர்கோட்டில் விரட்டி விடும் பந்தயம்தான் 'டிராக் ரேஸ்'. வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பாய வேண்டும். கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தை முதலில் கடப்பவருக்கு வெற்றி.

விமான தளத்தில் பிறந்தது

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாண வாலிபர்கள் காய்ந்த ஏரிகளிலும், ரோடுகளிலும் கார் விரட்டி வந்தனர். ரோட்டில் உயிர்ப்பலி ஆனதால் தனி இடம் தேவைப்பட்டது. 1950-ம் ஆண்டு சாண்டா ஆனா விமான தளத்தில் டிக்கெட் போட்டு பந்தயம் நடத்தினார்கள். 1951-ல் இதற்கென்று தேசிய சங்கமும் தொடங்கப்பட்டது.

நம்ம தமிழ்நாட்டு கதையும் இதே மாதிரிதான். 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் கார், பைக் பந்தயங்கள் நடந்தன. சென்னைக்கு வடக்கே உள்ள அந்த ஊருக்கு பந்தய நாளில் திருவிழா மாதிரி ஜனம் திரண்டது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர பந்தய பாதை வந்த பிறகு சோழவரத்தின் மவுசு குறைந்தது.

கோவையைச் சேர்ந்த கரிவர்தன் 1980-களின் கடைசியில் மாருதி 800 என்ஜினை வைத்தே ஒற்றை இருக்கை பந்தய கார் கட்டினார். வெளிநாட்டு கார் வாங்க வசதி இல்லாதவர்களும் பந்தயத்துக்கு வர இது வழி செய்தது. 2005-ல் பார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த வகை காரில் ஓட்டிப் பழகியவர்தான். 1995-ல் விமான விபத்தில் கரிவர்தன் இறந்து போனார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட பந்தய பாதைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

பாதம் போன டிரைவர்

டிராக் ரேஸ் என்றால் உலகம் முழுக்க சொல்லும் பெயர் டான் கார்லிட்ஸ். புளோரிடா மாகாணத்துக்காரர். தன் கார்களுக்கு எல்லாம் 'ஸ்வாம்ப் ராட்', அதாவது 'சதுப்பு நில எலி' என்றே பெயர் வைத்தார். 1964-ல் மணிக்கு 200 மைல், அதாவது 320 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டி அசத்தினார்.

அந்தக் கால கார்களில் என்ஜின் முன்னால் இருக்கும். டிரைவர் பின் சக்கரத்துக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பார். கிளட்ச், கியர் பாக்ஸ் எல்லாம் அவரது இரண்டு காலுக்கும் நடுவில். ஏதாவது வெடித்தால் தப்பிக்க வழியே இல்லை.

1970 மார்ச் 8-ந்தேதி கலிபோர்னியாவின் லாங் பீச்சில் அதுதான் நடந்தது. கார் கிளம்பிய வேகத்தில் கியர் பாக்ஸ் வெடித்து சிதறியது. கார் இரண்டு துண்டானது. கார்லிட்சின் வலது பாதத்தில் ஒரு பகுதி துண்டாகிப் போனது. வேறு ஆள் என்றால் அதோடு பந்தயத்தையே விட்டிருப்பார். இவரோ என்ஜினை டிரைவருக்குப் பின்னால் வைத்து புது கார் கட்டினார். 'அது நேராக ஓடாது' என்று பலர் நினைத்திருந்த அமைப்பு அது. 1971-ல் பொமோனா நகரில் நடந்த பெரிய பந்தயத்தில் அதே காரில் ஜெயித்துக் காட்டினார். அதன்பிறகு மற்றவர்களும் என்ஜினைப் பின்னால் கொண்டு போனார்கள். எத்தனையோ டிரைவர்களின் கால்களையும் உயிரையும் அந்த ஒரு மாற்றம் காப்பாற்றியது.

1984-ல் ஒக்காலா நகரில் டிராக் ரேஸ் கார்களுக்கென்றே அருங்காட்சியகம் திறந்தார். 1986-ல் மணிக்கு 438 கிலோ மீட்டர் வேகத்தில் பறந்த அவரது 30-வது கார், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

பழசை எப்படி மீட்பது?

மூலையில் கிடக்கும் பழைய பந்தய காரை பார்த்ததும் ஸ்பேனரை எடுத்து கழற்றி விடக்கூடாது. முதலில் எல்லா பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும். எந்த போல்ட் எங்கே இருந்தது என்று எழுதி வைக்க வேண்டும். பழைய பெயிண்டை சுரண்டும் முன்பு அடியில் என்ன நிறம், என்ன பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காரின் ஜாதகமே அதில்தான் இருக்கும்.

அடுத்து சேஸ் குழாய்கள். வெல்டிங் வைத்த இடங்களில் சாய மருந்து அடித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் தெரிந்து விடும். பழைய மெக்னீசியம் வீல்கள் பார்க்க பளபளப்பாக இருந்தாலும் உள்ளே பலம் போயிருக்கும். டயர், ரப்பர் குழாய்களையும் நம்பக்கூடாது. இவற்றில் கஞ்சத்தனம் பார்த்தால் உயிருக்கே ஆபத்து.

டிராக் ரேசில் பயன்படும் நைட்ரோ மீத்தேன் எரிபொருளில் ஆக்சிஜனும் சேர்ந்தே இருப்பதால் என்ஜின் பேய் வேகம் எடுக்கும். ஆனால் டேங்கில் அப்படியே விட்டால் உலோகத்தை அரித்து விடும். அதனால்தான் ஓட்டி முடித்ததும் சுத்தமாக வடித்து, கழுவி வைக்கிறார்கள். மீட்கப்பட்ட பழைய கார்களை அமெரிக்காவில் பந்தயத்தில் விடுவது அபூர்வம். தள்ளி ஸ்டார்ட் செய்து, புகைபோக்கியில் தீ பறக்க உறும விட்டு, ஜனங்களுக்கு காட்டிவிட்டு அணைத்து விடுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2021-ல் வந்த விதிப்படி, 50 வருடத்துக்கு மேற்பட்ட, ஒரிஜினல் நிலையில் இருக்கும் கார், பைக்குகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புது பதிவுக்கு கட்டணம் ரூ.20 ஆயிரம். 10 வருடம் செல்லும். புதுப்பிக்க ரூ.5 ஆயிரம். கண்காட்சி, வின்டேஜ் ஊர்வலம் போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். தினமும் ஓட்டவோ, வாடகைக்கு விடவோ முடியாது. சேஸ், என்ஜினை மாற்றியமைத்த கார்களுக்கு இது பொருந்தாது. அப்படிப்பட்ட பந்தய காருக்கு பந்தய பாதைதான் இடம்.

நாற்கர சாலையில் பைக்கை விரட்டும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பொது ரோட்டில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகன சட்டம் 189-வது பிரிவுப்படி 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், இல்லாவிட்டால் இரண்டும் சேர்த்தே கிடைக்கும். மறுபடியும் மாட்டினால் ஜெயில் 1 வருடம் வரை போகும். பந்தய பாதையில், தலைக்கவசத்தோடு, ஆம்புலன்ஸ் பக்கத்தில் நிற்க ஓட்டிய கார்லிட்சுக்கே பாதம் போனது. எதிரே லாரி வரும் ரோட்டில் ஓட்டினால் என்ன மிஞ்சும்?