ஈதரும் நீரும்: முனைவுத்தன்மை என்ற கருத்தின் வரலாறு

‘ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்’ என்னும் வாய்பாடு லத்தீனில் வழங்கிய பழைய மரபு. மூலக்கூறு என்ற கருத்து உருப்பெறுவதற்கு முன்பே அது புழக்கத்தில் இருந்தது. ஆனால் எதில் ஒத்திருக்க வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை முனைவுத்தன்மை நிரப்பியது இருபதாம் நூற்றாண்டில்தான்.

அதற்கான அளவுகோலைத் தந்தவர் டச்சு இயற்பியலாளர் பீட்டர் டெபை. 1912இல் அவர் ஆராய்ந்தது கரைதிறனை அன்று. சில பொருள்களின் மின்காப்பு மாறிலி வெப்பநிலையோடு ஏன் மாறுகிறது என்பதையே. சில மூலக்கூறுகளில் நிலையான இருமுனை உண்டு என்பது அவர் கண்ட விடை. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் கில்பர்ட் லூயிஸ், இணைதிறன் பற்றிய விவாதத்தில் முனைவுள்ளவை, முனைவற்றவை என்று சேர்மங்களைப் பகுத்தார். இரு வேறு சிக்கல்களுக்காக எழுந்த ஒரே சொல், பின்னர் மூன்றாவது சிக்கலான கரைதிறனின் மேலும் ஏற்றப்பட்டது. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும் ஈதரையே எடுத்துக்கொள்ளலாம். அதன் இருமுனைத் திருப்புத்திறன் சுமார் 1.15 டெபை, குளோரோஃபார்முக்குச் சுமார் 1.04. இரண்டும் ஏறக்குறைய சமம். ஆயினும் அறை வெப்பநிலையில் 100 மில்லி நீரில் ஈதர் ஏறத்தாழ 6 கிராம் கரைய, குளோரோஃபார்ம் ஒரு கிராம்கூடக் கரைவதில்லை. நைட்ரோபென்சீனின் மதிப்பு 4 டெபைக்கும் மேல். நீரினுடையதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். அது கரைவதோ சுமார் 0.2 கிராம்தான். டையாக்சேன் இதற்கு நேர்மாறு. அதன் இரு ஆக்சிஜன்களும் எதிரெதிரே அமைந்திருப்பதால் இருமுனைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன; எனினும் அது நீருடன் எந்த விகிதத்திலும் கலக்கும்.

இதற்கான திறவுகோல் 1920இல் கிடைத்தது. லூயிஸ் பணியாற்றிய பெர்க்லியில் லாட்டிமரும் ரோடபுஷும், ஒரு ஹைட்ரஜன் இரு மூலக்கூறுகளுக்கு இடையே பாலமாகலாம் என்று எழுதினர். ஈதரின் ஆக்சிஜன் நீரின் ஹைட்ரஜனை ஏற்கிறது. டையாக்சேனில் அத்தகைய இடங்கள் இரண்டு. குளோரோஃபார்மின் குளோரின்களுக்கு அந்த ஏற்கும் திறன் மிகக் குறைவு. ஆக, மூலக்கூறின் மொத்த முனைவைவிட, நீர் பற்றிக்கொள்ள அதில் இடம் உண்டா என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. பாடநூல்கள் பல இன்றும் முதற்பாதியோடு நின்றுவிடுகின்றன. தேர்வில் டையாக்சேனைக் கேட்டால் மாணவர் திகைப்பது இயல்பே.

அதே பெர்க்லியில் கரைதிறனுக்கென்றே வாழ்நாளைச் செலவிட்டவர் ஜோயல் ஹில்டிபிராண்ட். 1979இல், தமது 97ஆம் வயதில், ‘நீர்வெறுப்பு’ என்ற சொல்லையே மறுத்து அவர் ஒரு குறுங்கட்டுரை எழுதினார். எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே இருப்பது வெறுப்பன்று, ஈர்ப்பே. நீர் மூலக்கூறுகள் தமக்குள் கொண்ட ஈர்ப்பு அதைவிட மிகப் பெரிது, அவ்வளவுதான் என்பது அவர் வாதம். அவர் மறுத்த சொல் இன்றும் வழக்கிலிருக்கிறது.