கணக்கு என்னும் சொல்

நல்லதண்ணியிலிருந்து நாம் அண்ணாந்து நோக்கும் மலை ஒன்றே. நாம் அதனைச் சிவனொளிபாதமலை என்கிறோம். சிங்கள மக்கள் சமனல கந்த என்பர். ஆங்கிலேயர் ஆதாமின் சிகரம் என்றனர். கணிதக் கலைக்கும் இவ்வாறே பல பெயர்கள் உள.

ஆங்கிலத்தின் ‘மாத்தமற்றிக்ஸ்’, கற்கப்படுவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. சீனர் அதனை எண்ணின் கல்வி என்பர். அரபு மொழிப் பெயர் பயிற்சி என்னும் கருத்தையுடையது. ஒல்லாந்தரோ, சைமன் ஸ்டெவின் (1548-1620) வழங்கிய சொல்லினின்று வந்த ‘விஸ்குண்டே’ என்பதையே ஆள்கின்றனர். ஐயமற்றதை அறியும் கலை என்பது அதன் கருத்து. எண்ணுதலைக் குறிக்கும் வடமொழி வேரினின்று வந்த ‘கணிதம்’, சிங்களத்தில் ‘கணிதய’ என வழங்குகிறது.

தமிழிலோ கணக்கு என்பது நூலையும் குறித்தது. பதினெண்கீழ்க்கணக்கு என்னும் பெயரே சான்று. கற்பிக்கும் ஆசிரியர் கணக்காயர் எனப்பட்டார். எண்ணையும் எழுத்தையும் இரு கண்கள் என்றார் வள்ளுவர்.

ஆனால், நம் மலைநாட்டில் கணக்கு என்றதும் நம் முன்னோர் நினைத்தது கணக்கப்பிள்ளையின் பேரேட்டையும், கொழுந்து நிறுக்கும் தராசையும், தீராக் கடனையுமே. தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி, அதனைத் தீர்க்கும் தோட்டத்துக்கு அவனை மாற்றிய துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிந்தது. எழுதியவன் கணக்கை எழுதப்பட்டவன் வாசிக்க அறியான்; அவன் அடிமைத்தனத்துக்கு அதுவும் ஒரு காரணமன்றோ?

வாலிப அன்பர்களே! கணக்கு நமக்குக் கடனாய் இருந்தது போதும். இனி அது கல்வியாகட்டும். கணக்கப்பிள்ளைக்கு அஞ்சிய லயங்களிலிருந்து கணக்காயர் பலர் தோன்றுவாராக!