பம்ப்பு போய் பொட்டி வந்த கதை

எங்க மல்லசமுத்திரம் மானம் பார்த்த பூமிங்க. மழை பொய்த்த வருசங்களில் காட்டை நம்பியிருந்த பலர் ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். சுத்துவட்டாரம் முழுக்க இதே கதைதான். திருச்செங்கோட்டுக்குப் போர்வெல் வண்டி, சங்ககிரிக்கு லாரி, நாமக்கல்லுக்கு கேஸ் டேங்கரும் பாடி கட்டுற பட்டறையும் என்று பேர் வந்தது அப்படித்தான். அண்ணன் பருத்திக் காட்டில் இருப்பார், தம்பி நாக்பூர் ரோட்டில் இருப்பார்.

இந்தத் தொழில் வளர்ந்ததுக்கு ஒரு காரணம், கையாலேயே ரிப்பேர் பார்க்க முடிந்த இன்ஜின். 1948ல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து 1955ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி, 1954ல் மெர்சிடிஸ் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்த டாட்டா, ரெண்டு பேர் வண்டியிலும் டீசலை அளந்து கொடுத்தது ஓர் இரும்புப் பம்ப்பு. 1951ல் தொடங்கிய மைக்கோ கம்பெனியின் பேரே அதுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. வண்டி மக்கர் பண்ணினால் மேஸ்திரி புகையின் நிறத்தைப் பார்ப்பார், சத்தத்தைக் கேட்பார், ஒவ்வொரு பைப்பாக லூஸ் பண்ணி எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். வண்டி ஒரிசாவில் நின்றாலும் அங்கே இருக்கிற மேஸ்திரிக்கும் அதே பம்ப்பு தெரியும். ஒத்தை லாரி வைத்திருந்தவர் பிழைத்தது அந்த தைரியத்தில்தான்.

புகைக் கட்டுப்பாடு வந்ததும் நிலைமை மாறியது. பிஎஸ்-3 விதி 2010ல் நாடு முழுக்க வந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-3 வண்டியை விற்கவே கூடாது என்று அதுக்கு மூணு நாள் முன்னால் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தது. நடுவில் பிஎஸ்-4க்கு அசோக் லேலண்ட் ஐ-இஜிஆர் என்ற முறையில் பழைய இன்லைன் பம்ப்பையே வைத்து வண்டி விட்டது. பழகின பம்ப்பு என்பதே அதுக்கு ஒரு விளம்பரம். மத்த வண்டிகளில் காமன் ரெயில் வந்தது. அதில் டீசல் அழுத்தம் 1,600 பார் வரை போகும். லாரி டயரில் இருக்கிற காத்தைவிட சுமார் 200 மடங்கு. எந்த நொடியில் எவ்வளவு டீசல் என்று முடிவு பண்ணுவது இசிஎம் என்கிற அலுமினியப் பொட்டி. புகை குறைந்தது நிஜம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேஸ்திரி காதில் இருந்த வித்தை பொட்டிக்குள்ளே போய்விட்டது.

அந்தப் பொட்டி போனால் என்ன ஆகும் என்று எங்க பங்காளி வண்டியில் பார்த்தேன். 2018ல் வாங்கின வண்டி. என் மரவள்ளிக் கிழங்கை ஏத்திக்கொண்டு சேகோ மில்லுக்குக் கிளம்பும்போது ஸ்டார்ட் ஆகவில்லை. கிழங்குக்கு மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை. பிடுங்கி ரெண்டு மூணு நாள் தள்ளினால் கிழங்கு கெட ஆரம்பித்துவிடும். லோடை வேறு வண்டிக்கு மாத்தி அனுப்பினோம்.

ஸ்கேனர் போட்டால் பொட்டியோடு பேச்சே இல்லை. "இசிஎம் போயிருச்சு"ன்னு சுத்தி நின்றவங்க எல்லாரும் சொன்னாங்க. எங்க எலக்ட்ரீஷியன் தம்பி அதை ஒத்துக்கவில்லை. "வயரைப் பார்க்காம பொட்டியைக் குத்தம் சொல்லக் கூடாதுங்கண்ணா, பாதி நேரம் எர்த்துதான் போயிருக்கும்" என்று மீட்டரை எடுத்தார். ஃபியூஸ், ரிலே பார்த்தார். பொட்டிக்கு 24 வோல்ட் வருகிறதா, எர்த் சுத்தமா என்று செல்ஃப் அடிக்கும்போதே அளந்தார். கப்ளரைக் கழட்டி பின்னில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரி. பொட்டி சென்சார்களுக்குக் கொடுக்க வேண்டிய 5 வோல்ட் மட்டும் வரவில்லை. ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலே அந்த 5 வோல்ட் விழுந்துவிடுமாம். அதனால் ஒவ்வொரு சென்சாராகக் கழட்டிவிட்டு அளந்தார். எல்லாவற்றையும் கழட்டின பிறகும் வரவில்லை. அதுக்குப் பிறகுதான், பொட்டி போனது உறுதி என்றார்.

காரணமும் கிடைத்தது. முந்தின வாரம் ஒரு பட்டறையில் பாடிக்கு வெல்டிங் வைத்திருக்கிறார்கள். பேட்டரி வயரைக் கழட்டவில்லை, பொட்டியின் கப்ளரையும் கழட்டவில்லை. வெல்டிங் கரண்ட் பொட்டி வழியாகவும் பாய்ந்தால் உள்ளே இருக்கிற சின்னச் சின்ன பாகங்கள் தாங்காது. பாடி கட்டுவதில் பேர் வாங்கின ஊர்ப்பக்கம் இது. பழைய பம்ப்பு வண்டியில் யாரும் யோசிக்கத் தேவையில்லாத விஷயம் இன்னைக்கு ஒரு வண்டியையே நிறுத்திவிடுகிறது.

பொட்டி வாங்கினதோடும் வேலை முடியவில்லை. அதுக்குள்ளே அந்த வண்டிக்கான புரோகிராம், சேசிஸ் நம்பர், ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலேயும் பொறித்திருக்கிற கோடு எல்லாம் ஏத்த வேண்டும். கோளாறைக் கண்டுபிடித்தது இருநூறு ரூபா மீட்டர். ஆனால் சரி பண்ண கம்பெனி லேப்டாப் வர வேண்டியிருந்தது. வண்டி ஒன்பது நாள் நின்றது. மாசத் தவணை நிற்கவில்லை.

இது எங்க ஊர்ப் பிரச்சனை மட்டும் இல்லைங்க. உதிரி பாகத்தையும் கோளாறு பார்க்கும் கருவியையும் வெளி மெக்கானிக்குக்குக் கிடைக்காமல் பண்ணினதாக 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012லேயே கார் ரிப்பேர் உரிமைக்குச் சட்டம் கொண்டு வந்தது. 2022 ஜூலையில் நம்ம மத்திய நுகர்வோர் துறையும் ரிப்பேர் உரிமைக்கு ஒரு குழு போட்டது. அதில் மோட்டார் வண்டியோடு விவசாயக் கருவியும் சேர்ந்திருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். லாரிக்கு வந்த பொட்டி டிராக்டருக்கும் வந்துகொண்டிருக்கிறது.

பொட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தம்பிக்கு வயரைப் படிக்கத் தெரிகிறது, பொட்டியையும் படித்துவிடுவார். சாவி அவர் கையிலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த தடவை லோடு நிற்கும்போது அதில் இருக்கப்போவது யாரோ ஒரு விவசாயியின் கிழங்கு, இல்லை உங்க வீட்டுக்கு வர வேண்டிய முட்டை.