எல்லையோடு நகர்ந்த நாளிதழ்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகிறவர்கள் ஊர் முகப்பில் ஒரு பழைய வளைவைக் கடக்கிறார்கள். மேலே திருவிதாங்கூரின் சங்கு முத்திரை. 1956 வரை அதற்கு அப்பால் இருந்தது வேறு மாநிலம். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் இரு பக்கமும் சேர்ந்தே நனையும். பேச்சும் ஒரே தமிழ். ஆனால் அன்று தென்காசிக்காரருக்குத் தலைநகரம் சென்னை. செங்கோட்டைக்காரருக்கோ மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம்.

அந்தத் திருவனந்தபுரத்தில்தான் 1951 செப்டம்பர் 6 அன்று 'தினமலர்' பிறந்தது. தொடங்கியவர் நாகர்கோவில் வடிவீஸ்வரத்தைச் சேர்ந்த டி.வி. ராமசுப்பையர். மதுரையும் சென்னையும் இருக்க, மலையாளத் தலைநகரில் தமிழ்ப் பத்திரிகையா? வியாபாரக் கணக்கில் இது அசட்டுத் துணிச்சல். ஆனால், திருவிதாங்கூர்த் தமிழர்களின் குறை எந்தக் கோட்டையை எட்ட வேண்டுமோ, அதன் வாசலிலேயே கடை விரித்தார் அவர்.

டப்ளினில் 1899இல், ஐரிஷ் மொழி மீட்பு இயக்கமான கேலிக் லீக் தொடங்கிய வார இதழ் நினைவுக்கு வருகிறது. 'ஒளி வாள்' என்று பொருள்படும் பெயர். 1903 முதல் 1909 வரை பாட்ரிக் பியர்ஸ் அதன் ஆசிரியர். அங்கே ஐரிஷ் படிக்கத் தெரிந்தவர்களையே புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. இங்கே வாசகர்களுக்குப் பஞ்சமில்லை. மாநிலம்தான் மாறியிருந்தது.

தமிழ் வட்டாரங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரி, நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிய காலம் அது. தினமலரும் அதையே கேட்டது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அப்போது முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை. சுட்டது தன் சொந்தக் கட்சி அரசு என்பதால் அவரைப் பதவி விலகச் சொன்னார் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் லோகியா. தாணுப்பிள்ளை விலகவில்லை.

1956 நவம்பர் 1: அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் சிலரிடம் உண்டு.

பத்திரிகை கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தாயிற்று. இனி திருவனந்தபுரத்தில் என்ன வேலை? 1957இல் தினமலர் திருநெல்வேலிக்குக் குடிபெயர்ந்தது. நிறுவனரின் சொந்த ஊரான நாகர்கோவிலுக்கு அப்போது ரயில் கிடையாது. திருநெல்வேலிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ரயில் பாதை தென்காசி, செங்கோட்டை வழியாகத்தான் மலையேறி இறங்கியது.

2019 நவம்பர் 22 முதல் செங்கோட்டை தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. வளைவில் சங்கு அப்படியே இருக்கிறது.