செலரின் ரொட்டி

ரோமானியர்கள் வார்த்த வெண்கலச் சிலைகளுக்குக் கணக்கே இல்லை. இன்று மிஞ்சியிருப்பவையோ மிகச் சில. உலோகத்துக்காகப் பின்வந்தவர்கள் அவற்றை உருக்கிவிட்டார்கள். பளிங்குச் சிலைகளும் தப்பவில்லை; சுண்ணாம்புக் காளவாயில் போட்டு நீற்றினார்கள். பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் குதிரைமேல் வீற்றிருக்கும் வெண்கலச் சிலை பிழைத்ததற்குக் காரணம் அவர் புகழ் அல்ல. அதைக் கிறிஸ்தவத்தை ஆதரித்த கான்ஸ்டன்டைனின் சிலை என்று இடைக்கால மக்கள் நம்பியதுதான்.

பேரரசர்களின் உருவங்களுக்கே இந்தக் கதி. ஆனால் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஓர் அடிமையின் பெயர் தாங்கிய ரொட்டி இருக்கிறது. ரோமானியக் கலைச்செல்வங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் இதைத்தான் காட்டுவேன்.

வட்டமான ரொட்டி. பிய்த்துத் தின்ன வசதியாக, சுடும் முன்பே மேலே எட்டுத் துண்டுகளாகக் கீறியிருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு முத்திரை: குவின்டஸ் கிரானியஸ் வெரஸ் என்பவரின் அடிமையான செலருக்கு உரியது என்கிறது அது. பல வீட்டு மாவும் ஒரே பொது அடுப்பில் வெந்திருக்கலாம். யாருடையது எது என்று தெரியவே இந்த அடையாளம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கவிதை எழுதியவனையும் போர் வென்றவனையும் ரோமானிய ஏடுகள் மறக்கவில்லை. மாவு பிசைந்தவனின் பெயரை அவை சொல்வது அபூர்வம். இங்கே மாவே அதைச் சொல்லிவிட்டது.

அது எப்படிக் கெடாமல் நின்றது? கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, பாம்பெய் நகர்மேல் முதலில் நுரைக்கற்கள் மழையாகக் கொட்டின. செலரின் ஊரான, கடலோரத்து ஹெர்குலேனியத்தின் மேல் பாய்ந்ததோ கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த வெள்ளம். ஊர் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் புதைந்தது. காற்று புகாத அந்த வெப்பத்தில் ரொட்டி எரிந்து சாம்பலாகவில்லை. வடிவம் குலையாமல் கரியாயிற்று. மரமும் அப்படியே: கட்டில், அலமாரி, கதவு, ஒரு தொட்டில். அந்தத் தொட்டிலில் குழந்தையின் எலும்புகளும் இருந்தன. இதை எழுதும்போது கை நின்றுவிடுகிறது.

1738-இல் அங்கே தொடங்கிய அகழ்வு, சுரங்கம் குடைந்து சிலைகளைத் தேடிய வேட்டை. 1927-இல் தொல்லியலாளர் அமெதியோ மயூரி ஊரைத் திறந்தவெளியாகத் தோண்டத் தொடங்கிய பிறகுதான் அன்றாட வாழ்க்கை அதன் முழு உருவத்தோடு வெளிப்பட்டது.

அதற்கும் வெகுகாலம் கழித்து, ஒரு குடியிருப்பின் அடியில் இருந்த கழிவுக் குழியிலிருந்து நூற்றுக்கணக்கான மூட்டைகள் கழிவை அள்ளிச் சலித்தார்கள். அத்தி விதை, ஆலிவ் கொட்டை, மீன் முள், கடல் முள்ளெலி, முட்டை ஓடு எல்லாம் கிடைத்தன. அங்கே மேல்மாடிகளில் வாழ்ந்தவர்கள் மாளிகைக்காரர்கள் அல்லர். கடை வைத்துப் பிழைத்த சாதாரண மக்கள். செலரின் ஊரில் ரொட்டிக்குத் துணையாக என்னென்ன உண்டார்கள் என்பதை அந்தக் குழிதான் சொன்னது.