ஹைட்ராக்சில் தனி உறுப்பை ஒளியால் கண்டறிந்த வரலாறு

ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்து, இணை சேராத ஓர் எலக்ட்ரானுடன் இருக்கும் துகளே ஹைட்ராக்சில் தனி உறுப்பு. டி.என்.ஏ., புரதம், கொழுப்பு என எதிர்ப்படும் எதையும் அது தாக்கும். உயிரணுவுக்குள் அதன் ஆயுள் ஏறத்தாழ ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குதான். எனவே அதைச் சேமித்து வைத்து அளக்க முடியாது. அது விட்டுச்செல்லும் தடத்தைக் கொண்டே அறிய வேண்டும்.

தொடக்கம்

புளியில் உள்ள டார்டாரிக் அமிலத்தை, இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து விரைவாக ஆக்சிஜனேற்றம் செய்வதை இங்கிலாந்து வேதியியலாளர் ஹென்றி ஃபென்டன் 1894-இல் விரிவாக வெளியிட்டார். அதற்குக் காரணம் ஹைட்ராக்சில் தனி உறுப்பே என்ற விளக்கத்தை ஃபிரிட்ஸ் ஹேபரும் ஜோசப் வெய்ஸும் 1934-இல் வெளியான கட்டுரையில் முன்வைத்தனர். ஆனால் அது அன்று ஓர் ஊகமாகவே இருந்தது.

ஒளிரும் தடம்

சில பொருள்கள் புற ஊதாக் கதிரை ஏற்று, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உடனே உமிழும். இது உடனொளிர்வு எனப்படும். ஒளிராத ஒரு பொருள், தனி உறுப்பு தாக்கியவுடன் ஒளிரும் பொருளாக மாறினால் அதுவே உணரியாகப் பயன்படும். அணுக்கதிர்வீச்சு நீரைப் பிளக்கும்போது ஹைட்ராக்சில் தனி உறுப்பு உருவாகும். அக்கதிர்வீச்சை அளக்க, 1950-களின் இறுதியில் பென்சோயிக் அமில உப்புகள் இவ்வாறு பயன்பட்டன. அவற்றிலிருந்து கிடைக்கும் சாலிசிலிக் அமிலம் ஒளிரும். ஆனால் வளையத்தின் மூன்று வகை இடங்களில் தாக்குதல் நிகழ்வதால் மூன்று விளைபொருள்கள் உருவாகும், அளவீடு சிக்கலாகும்.

இச்சிக்கலைத் தீர்த்தது டெரிப்தாலிக் அமிலம். பாலியெஸ்டர் தயாரிக்க உதவும் அதே பொருள்தான். அதன் வளையத்தில் தாக்குதலுக்குரிய நான்கு இடங்களும் ஒரே தன்மையுடையவை. ஆகவே ஹைட்ராக்சில் எங்கே சேர்ந்தாலும் கிடைப்பது ஒரே விளைபொருள். 315 நானோமீட்டர் அளவிலான கதிரைச் செலுத்தினால் அது சுமார் 425 நானோமீட்டரில் நீலமாக ஒளிரும். டைட்டானியம் டை ஆக்சைடின் ஒளிவினையூக்க ஆய்வுகளில் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000-இல் இம்முறையைக் கையாண்டனர்.

ஒளியை ஐயுறுதல்

உயிரணு ஆய்வில் நிலைமை வேறு. 1965-இல் ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்க அறிமுகமான டைகுளோரோஃபுளோரெசின் வகை உணரி, பின்னர் எல்லா ஆக்சிஜன் துகள்களுக்கும் பொதுவாகப் பயன்படுத்தப்பட்டது. ஆனால் பெராக்சிடேஸ் நொதிகளின் செயலாலும் அது ஒளிரும். அதோடு, அதன் இடைநிலைத் துகள் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து புதிதாகப் பெராக்சைடு தோன்ற வழி செய்கிறது. அளக்க வந்த பொருளே அளக்கப்படுவதைப் பெருக்கிவிடுகிறது.

2003-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் டெட்சுவோ நகானோ குழுவினர் இன்னும் தேர்ந்தெடுத்து வினைபுரியும் எச்.பி.எஃப்., ஏ.பி.எஃப். என்னும் உணரிகளை வெளியிட்டனர். அவையும் பெராக்சிநைட்ரைட்டுடன் வினைபுரியும், ஏ.பி.எஃப். ஹைப்போகுளோரைட்டுக்கும் ஒளிரும். ஆனால் இந்த வேறுபாடே பயனும் தந்தது. ஏ.பி.எஃப். மட்டும் ஒளிர்ந்து எச்.பி.எஃப். ஒளிராவிட்டால், காரணம் ஹைப்போகுளோரைட் எனக் கருதலாம்.

எனவே ஆய்வகத்தில் ஒளி தெரிந்தவுடன் முடிவு கூறுவதில்லை. தனி உறுப்பை உறிஞ்சும் டைமெத்தில் சல்ஃபாக்சைடு போன்ற பொருளைச் சேர்த்து, ஒளி குறைகிறதா என்று பார்க்கின்றனர். இரும்பு இல்லாமலும் பெராக்சைடு இல்லாமலும் தனித்தனியே சோதிக்கின்றனர். எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு போன்ற வேறொரு முறையாலும் சரிபார்க்கின்றனர். உணரி காட்டுவது தனி உறுப்பை அன்று, அது நிகழ்த்திய ஒரு வினையை மட்டுமே. அந்த வினையை வேறு எதுவும் நிகழ்த்தவில்லை என்று காட்டிய பிறகே அந்த ஒளி சான்றாகிறது.