யாருக்குக் கணக்குக் கொடுப்பது? பண்டித ராமாபாயும் கிறித்தவச் சுதந்திரத்தின் கடனும்

புனேயின் வானவடியிலிருந்து ஹடப்சர் வழியாகச் சோலாப்பூர் நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால் தவுண்ட் வட்டத்தில் கேட்காவ் என்ற ஊர் வரும். பண்டித ராமாபாய் (1858–1922) நிறுவிய முக்தி மிஷன் இன்றும் அங்கே இயங்குகிறது. பஞ்சத்தில் சிக்கிய பெண்களைக் காத்தவர் என்றே அவர் பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். அந்தத் தொண்டுக்கு முன்பே, தம்மைத் திருச்சபைக்குள் அழைத்து வந்தவர்களோடு மனச்சான்றின் உரிமை பற்றி அவர் நடத்திய விவாதம் அதற்கு இணையான எடை உடையது. தனிமனிதச் சுதந்திரமும் அறப்பொறுப்பும் ஒன்று வளர ஒன்று தேயும் என்ற பொதுக்கருத்தை அந்த விவாதம் மறுக்கிறது. ராமாபாய் கேட்டது இடைத்தரகர் இல்லாமல் தாமே கடவுளிடம் கணக்குக் கொடுக்கும் உரிமை. அந்த உரிமை அவர் தோளில் ஏற்றிய சுமை மிகப் பெரிது. அவருடைய நிலைப்பாட்டில் ஒரு விரிசலும் இருந்தது என்பதையும் இக்கட்டுரை மறைக்கப் போவதில்லை.

அவருடைய தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே, மனைவிக்கு வடமொழி கற்பித்ததற்காகச் சொந்தச் சமூகத்தின் பகையைத் தேடிக்கொண்டவர். குடும்பம் யாத்திரையிலேயே வாழ்ந்தது. சென்னை மாகாணப் பஞ்சத்தில் பெற்றோர் இருவரும் மாண்டனர். 1878-இல் கல்கத்தா அறிஞர்கள் ராமாபாய்க்குப் பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களைத் தந்தார்கள். 1880-இல் சாதி கடந்து திருமணம். இரண்டே ஆண்டுகளுக்குள் கைம்மை. 1883-இல் சிறு மகள் மனோரமாவோடு இங்கிலாந்து சென்று, வான்டேஜ் நகர ஆங்கிலிக்கக் கன்னியர் இல்லத்தில் தங்கியிருந்தபோது செப்டம்பர் 29 அன்று திருமுழுக்குப் பெற்றார்.

திருமுழுக்கோடு விவாதம் முடியவில்லை, தொடங்கியது. மூவொரு கடவுள் கொள்கை உள்ளிட்ட சிலவற்றைத் தம் அறிவுக்கு விளங்காமல் வாயால் மட்டும் ஒப்புக்கொள்ள அவர் மறுத்தார். செல்டன்ஹாம் கல்லூரியில் அவர் ஆண்களுக்குப் பாடம் எடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது இந்தியாவிலிருந்த ஆங்கிலிக்க ஆயர்கள் கூடாது என்றார்கள். தாயகத்தில் ஆண்கள் நிறைந்த அவைகளில் பேசிய பெண்ணுக்கு அது தாங்கக்கூடிய தீர்ப்பாக இல்லை. மகளின் சமயக் கல்வியை யார் தீர்மானிப்பது என்பதிலும் மோதல் வந்தது. ஞானத்தாயான சகோதரி ஜெரால்டினுக்கு 1885-இல் எழுதிய கடிதங்களில், ஒரு குருமார் கூட்டத்தின் நுகத்தடியை அரும்பாடுபட்டு உதறிவிட்டு வந்தவள் அதே போன்ற இன்னொன்றுக்குக் கழுத்தை நீட்ட முடியாது என்று பொருள்படச் சொன்னார். ஜெரால்டின் இதில் அகந்தையைக் கண்டார். அன்புள்ள ஒருவரின் கவலை அது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் கணிப்பு பிழையானது.

ஏன் பிழை என்பதைக் கிறித்தவ மரபே சொல்கிறது. மனச்சான்று தவறியிருந்தாலும் அதற்கு எதிராக நடப்பது பாவம் என்று தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே வாதிட்டார். வான்டேஜ் இல்லம் 1848-இல் தோன்றியது. அதை ஈன்றெடுத்தது ஆங்கிலிக்கத் திருச்சபைக்குள் எழுந்த ஆக்ஸ்போர்டு இயக்கம்; அதன் பெரும் சிந்தனையாளர் நியூமன், அதற்கு முன்பே கத்தோலிக்கராகியிருந்தார். மனச்சான்றுக்கு உரிமைகள் இருப்பது அதற்குக் கடமைகள் இருப்பதால்தான் என்று நார்ஃபோக் கோமகனுக்கு எழுதி 1875-இல் வெளியான கடிதத்தில் அவர் விளக்கினார். தன் விருப்பத்தையே மனச்சான்று என்று பெயரிட்டு அழைப்பதை அவர் கடுமையாகக் கண்டித்தார். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ராமாபாய் எந்தப் பக்கம் நிற்கிறார்? விளங்காத கொள்கையை ஒப்புக்கொண்டிருந்தால் ஆதரவும் அமைதியும் எளிதாகக் கிடைத்திருக்கும். அவர் கடினமான வழியைத் தேர்ந்தார். தன்விருப்பம் அப்படி நடந்துகொள்ளாது.

இதைவிட நுட்பமானது உணவுச் சிக்கல். கிறித்தவரான பின்னும் ராமாபாய் மரக்கறி உணவையே உண்டார். முன்னோரின் வழக்கங்களில் நம்பிக்கைக்கு ஊறு செய்யாதவற்றைக் கைவிட மறுத்தார். சாதிப் பெருமையின் மிச்சம் அது என்ற ஐயம் வான்டேஜில் எழுந்தது. தமிழ் வாசகருக்கு இங்கே தஞ்சாவூர் நினைவுக்கு வராமல் இருக்காது. 1833-இல் ஆயர் டேனியல் வில்சன், வழிபாட்டிலும் நற்கருணையிலும் சாதி வேற்றுமை கூடாதென்று ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் திருச்சபையை விட்டு விலகினர். சாதி நாட்டு வழக்கம், நம்பிக்கை அதில் தலையிட வேண்டாம் என்பது அவர்கள் வாதம். வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெருங்கவிஞரே அந்தப் பக்கம் நின்றார். மேலோட்டமாகப் பார்த்தால் இரு தரப்பும் ஒன்றையே கேட்கின்றன: வழக்கத்தைக் காக்கும் சுதந்திரம்.

இரண்டையும் பிரிக்கும் கோடு கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் திருமுகத்தில் இருக்கிறது. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்ற கேள்விக்கு, உண்ணும் உரிமையை ஏற்றுக்கொண்டே, அந்த உரிமை மற்றொருவரை வீழ்த்துமானால் அதைத் துறப்பேன் என்கிறார் அவர். என் சுதந்திரத்தின் விலையை யார் செலுத்துகிறார் என்பதே அவர் வைக்கும் சோதனை. ராமாபாயின் மரக்கறித் தட்டுக்கு வேறு எவரும் விலை கொடுக்கவில்லை. தஞ்சையில் தனி இருக்கைக்கும் தனிக் கிண்ணத்துக்கும் விலை கொடுத்தவர்கள் கோவிலின் பின்வரிசைக்குத் தள்ளப்பட்ட தலித் கிறித்தவர்கள். எனவே முன்னது சுதந்திரம். பின்னது சுதந்திரத்தின் மொழியில் பேசிய ஆதிக்கம்.

இதே சோதனையை ராமாபாய் மீதே வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க நண்பர்களின் பொருளுதவியோடு 1889 மார்ச் 11 அன்று மும்பையில் அவர் தொடங்கிய சாரதா சதன், அடுத்த ஆண்டு புனேக்கு இடம் மாறியது. கைம்பெண்கள் தங்கள் சாதி வழக்கங்களைக் காத்துக்கொண்டே படிக்கலாம், மதம் புகட்டப்படாது என்பது ஏற்பாடு. ராமாபாய் தம் அறையில் செபிப்பார், கதவு திறந்திருக்கும், விரும்பிய பெண்கள் வந்து அமரலாம். 1893-இல், இது மறைமுக மதமாற்றம் என்ற குற்றச்சாட்டு வெடித்தது. ஆலோசனைக் குழுவிலிருந்து சீர்திருத்தவாதிகளான ரானடேயும் பண்டார்க்கரும் விலகினர், திலகரின் கேசரி இதழ் கடுமையாகத் தாக்கியது, பல பெண்களைக் காப்பாளர்கள் திரும்ப அழைத்துக்கொண்டனர்.

எவரையும் வற்புறுத்தவில்லை என்ற ராமாபாயின் பதில் உண்மையானது. அடுத்தவர் அறையில் எந்த நூல் படிக்கிறார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை காப்பாளருக்கு இல்லை என்பதும் சரியே. ஆனால் திறந்த கதவு அவருக்கும் மாணவிகளுக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. சோறும் கூரையும் கல்வியும் ஒருவர் கையிலிருந்து வரும்போது, அவர் செபிக்கும் அறை வெறும் அறையாக இருக்காது, நன்றியுணர்வே இழுக்கும். புகலிடம் தந்தவரோடு கொள்கையில் முரண்படுவது எவ்வளவு கடினம் என்பதை வான்டேஜில் வாழ்ந்தறிந்தவர் அவர். தாம் ஜெரால்டினிடம் கேட்ட இடைவெளியைத் தம் மாணவிகளுக்கு முழுமையாக வகுத்துக் கொடுக்கவில்லை. விமரிசகர்கள் பலருக்கு அந்தக் கைம்பெண்களின் விடுதலையில் அக்கறை இருந்ததில்லை. இருந்தும் அவர்கள் எழுப்பிய கேள்வி சரியான கேள்வி. நல்லெண்ணம் அதிகாரத்தைக் கரைத்துவிடாது.

இந்தக் குறையை அவர் பிற்காலத் தொண்டோடு சேர்த்தே எடைபோட வேண்டும். 1896–97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களிலிருந்து நூற்றுக்கணக்கான சிறுமியரையும் கைம்பெண்களையும் அவர் அழைத்து வந்தார். கேட்காவ் நிலம் அவர்களுக்கு வீடானது. 1897 கொள்ளைநோயின்போது புனேயின் அரசு மருத்துவமனையில் பெண்களுக்கு நேர்ந்த அவலத்தைப் பெயர்போட்டுப் பத்திரிகைக்கு எழுதினார், ஆட்சியாளரும் கிறித்தவர்களே என்பது அவர் பேனாவைத் தடுக்கவில்லை. 1885-இல் சுதந்திரம் கேட்ட அதே குரல்தான் இது. ஆயருக்கு அடங்காத மனச்சான்று ஆளுநருக்கும் அடங்காது. கிறித்தவர் எவருக்கும் அடிமையல்லர், அன்பினால் எல்லாருக்கும் பணியாளர் என்று 1520-இல் லூத்தர் இணைத்துச் சொன்ன இரண்டும் இங்கே ஒரே வாழ்வில் கூடி நிற்கின்றன.

1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையை ஏற்றது. நம்பிக்கையைப் பரப்பும்போது, குறிப்பாக ஏழைகளிடமும் கல்லாதவர்களிடமும், வற்புறுத்தலின் சாயலும் படியக் கூடாது என்று அது எச்சரிக்கிறது. சாரதா சதனின் திறந்த கதவுக்கும் பொருந்தும் எச்சரிக்கை அது. புனேயிலும் தமிழகத்திலும் விடுதிகளும் காப்பகங்களும் நடத்தும் கிறித்தவ நிறுவனங்கள் ராமாபாயைப் போற்றினால் மட்டும் போதாது. செபத்துக்கு வராத பிள்ளைக்கும் அதே தட்டு, அதே படிப்பு, அதே பரிவு உண்டு என்பதை விதியாக எழுதி, சேரும் முதல் நாளிலேயே அந்தப் பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டும்.